கல்லறை இல்லாதோருக்கு ஒரு மரம்



நவம்பர் மாதம் பிறந்ததும் நம் சேமக்காலைகள் உயிர் பெறுகின்றன. ஆண்டு முழுவதும் புல் மண்டிக் கிடந்த கல்லறைகள் துப்புரவு செய்யப்படுகின்றன, வெள்ளை பூசப்படுகின்றது, பூக்களும் மெழுகுதிரிகளும் வைக்கப்படுகின்றன. இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதியன்று, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வர, குடும்பத்தவர்கள் தத்தம் கல்லறையருகில் காத்து நிற்கின்றனர். தம்மவரின் கல்லறைமீது ஒரு துளி தீர்த்தம் விழும்போது அவர்களுடைய முகத்தில் தோன்றும் ஆறுதலை ஒவ்வொரு குருவும் கண்டிருப்பார்.

வன்னியில் ஒரு சிற்றூர்ப் பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், அவ்வாறான ஒரு நாளில், மந்திரிப்பு முடிந்து திரும்பி வந்தேன். ஆலயத்தின் பின்புறம் நின்ற வேப்பமரத்தின் அடியில், வயது முதிர்ந்த ஒரு தாய் தனியே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். “ஏனம்மா, சேமக்காலைப் பக்கம் வரேல்லையே?” என்று கேட்டேன். “அங்க எனக்கு ஆர் இருக்கினம் சுவாமி? பிள்ளை எங்க கிடக்கிறான் எண்டு தெரியாது. சின்னனில இந்த வேம்புக்குக் கீழதான் விளையாடுவான். அதுதான் இங்க கொளுத்துறன்” என்றார். மறுமொழி கூற எனக்கு வார்த்தை வரவில்லை. கையிலிருந்த தீர்த்தத்தை அந்த வேப்பமரத்தின் வேரில் தெளித்து, அந்தத் தாயோடு சேர்ந்து ஒரு மன்றாட்டைச் சொல்லிவிட்டு வந்தேன்.

போரில் இறந்தும், கல்லறை இன்றிப் போனவர்களுக்கு நம் ஆலய வளாகத்தில் இடமுண்டா? அன்று என் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது. இதற்கான ஒரு பதிலை, நம் உறவுகள் பலர் குடியேறி வாழும் கனடா நாட்டின் ஸ்காபரோவில், ஓர் ஆலயத்துக்குரிய நிலத்தில் நிற்கும் சில மரங்கள் தருகின்றன. அவற்றின் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

கையளவு விதைகள்

1917ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாளாகிய திங்கட்கிழமை. முதலாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். பிரான்ஸ் நாட்டின் வடபகுதியிலுள்ள விமி என்னும் மேட்டு நிலத்தைக் கைப்பற்றுவதற்காக, கனடாப் படையின் 4 பிரிவுகளும் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து, பனியும் மழையும் கலந்து வீசிய அதிகாலை 5.30 மணிக்குத் தாக்குதலைத் தொடங்கின. 12ஆம் திகதி வரை நீடித்த அந்தச் சமரில் மேடு கைப்பற்றப்பட்டது. அதற்கான விலை, கனடாவின் புதல்வர்கள் 3,598 பேரின் உயிர். 7,000 பேர் வரையில் காயமுற்றனர். எதிர்த்தரப்பில் நின்ற ஜெர்மானிய இளைஞர்களும் பெருந்தொகையில் மாண்டனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர்.

அந்தச் சமரில் பங்குபற்றியவர்களுள் ஸ்காபரோவைச் சேர்ந்த லெஸ்லி மில்லர் என்பவரும் ஒருவர். ஸ்காபரோ அந்நாளில் வயல்களும் தோட்டங்களும் நிறைந்த நாட்டுப்புறம். சமர் ஓய்ந்த பின்னர், எறிகணைகளால் சிதைந்து, மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு கருவாலி மரத்தை அவர் கண்டார். ஓக் என்று அழைக்கப்படும் அந்த மரத்தின் விதைகளில் ஒரு கையளவைப் பொறுக்கியெடுத்து, ஸ்காபரோவிலிருந்த தம் குடும்பத்தாருக்கு அனுப்பிவைத்தார். போரிலிருந்து பலர் பதக்கங்களைக் கொண்டுவந்தனர். சிலர் பகைவரின் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தனர். இவர் வீட்டுக்கு அனுப்பியது விதை. அவர் உயிரோடு திரும்பி வந்தார். அவ்விதைகள் முளைத்துக் கன்றுகளாகி மரங்களாயின. தம் பண்ணைக்கு ‘விமி ஓக்ஸ்’ என்று அவர் பெயரிட்டார்.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தாலன்றிப் பலன் தராது என்று நம் ஆண்டவர் தம் பாடுகளுக்கு முன்னர் உரைத்ததை (யோவா 12:24) நாம் அறிவோம். சாவின் நிலத்திலிருந்து ஒரு மனிதன் விதையைப் பொறுக்கியெடுத்தது, உயிர்ப்பை அடுத்த நாள்களில் நிகழ்ந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். விசுவாசக் கண் கொண்டு பார்ப்போருக்கு அது தற்செயலாகத் தோன்றாது.

ஆண்டுகள் சென்றன. ஸ்காபரோ நகரமாயிற்று. பண்ணை கைமாறிற்று. அம்மரங்கள் நின்ற நிலம் இன்று அங்குள்ள சீன பப்ரிஸ்த சபையின் ஆலயத்துக்குரியது. எண்ணிப் பாருங்கள். விமியில் விழுந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள் அல்லர். அவர்களுடைய மொழியினரும் அல்லர். பின்னாளில் அந்நாட்டுக்கு வந்து குடியேறிய மக்கள் அவர்கள். மரத்தைத் தறித்து வாகனத் தரிப்பிடம் அமைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்? எனினும் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் சந்ததியை விமிக்கே மீண்டும் கொண்டுசெல்லும் முயற்சி, சமரின் நூற்றாண்டை ஒட்டி முன்னெடுக்கப்பட்டது. அதன் பயனாக, போர்ச் சின்னத்தின் அருகே கருவாலி மரங்களைக் கொண்ட ஒரு நினைவுப் பூங்கா 2018இல் திறந்துவைக்கப்பட்டது. மற்றவரின் இறந்தோரை நினைவுகூரும் மரத்தை, தம்முடையதாக எண்ணிக் காப்பது கிறிஸ்தவப் பண்பு அன்றோ? ஸ்காபரோவில் வாழும் நம் உறவுகள் ஒருமுறை அங்கு சென்று, அம்மரங்களின் கீழ் ஒரு கணம் நின்று மன்றாடலாம்.

விமி மேட்டில் 1936இல் திறந்துவைக்கப்பட்ட பெரும் நினைவுச் சின்னத்தில், பிரான்சில் வீழ்ந்து கல்லறை அறியப்படாத கனடா வீரர்கள் 11,285 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதைச் சூழவுள்ள நிலத்தின் சில பகுதிகளில் இன்றும் மனிதர் கால்வைக்க அனுமதியில்லை. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆகையால் அங்கு புல்லை மேய்ந்து மட்டம் செய்பவை ஆடுகளே. 100 ஆண்டுகள் கடந்தும் போர் மண்ணை விட்டு அகலவில்லை. கண்ணிவெடிப் பலகைகளைக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாயின் 13 ஆண்டுகள்

அவுஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு வரலாறு. 1915ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், துருக்கியின் கலிப்பொலியில், தனிப் பைன் என்று பொருள்படும் ‘லோன் பைன்’ என்னுமிடத்தில் கடுஞ்சமர் நடைபெற்றது. அதில் பங்குகொண்ட பெஞ்சமின் சிமித் என்னும் வீரர், தம் சகோதரர் மார்க் அச்சமரில் உயிரிழந்ததை அறிந்தார். பதுங்குகுழிகளை மூடுவதற்காகத் துருக்கியர் வெட்டியிட்ட பைன் மரக்கிளைகளிலிருந்து ஒரு காயை எடுத்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் இன்வெரெல் என்னும் நாட்டுப்புற ஊரிலிருந்த தம் தாயாருக்கு அனுப்பினார்.

ஜேன் மக்மலின் என்னும் அத்தாய், அந்தக் காயை 13 ஆண்டுகள் வீட்டில் வைத்திருந்தார். 1928இல்தான் அதன் விதைகளை மண்ணில் ஊன்றினார். இரண்டு கன்றுகள் வளர்ந்தன. ஒன்றைத் தம் ஊருக்குக் கொடுத்தார். மற்றொன்று 1934ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் கன்பராவில், போர் நினைவகம் அமையவிருந்த இடத்தில் நடப்பட்டது. கட்டடம் திறக்கப்பட்டது 1941இல். மரம் அதற்கு முன்பே நின்றது.

அந்த 13 ஆண்டுகளைப் பற்றி நான் அடிக்கடி சிந்திப்பதுண்டு. பிள்ளை இறந்த இடத்திலிருந்து வந்த பொருள் அது. அதை மண்ணில் இட அந்தத் தாய்க்கு எளிதில் மனம் வந்திராது என்றே எண்ணத் தோன்றுகின்றது. விதையை ஊன்றுவது ஒருவகையில் அடக்கம் செய்வதுதான். நம்மிடையேயும் பிள்ளையின் சட்டையை, பாடசாலைக் கொப்பியை, ஒற்றைச் செருப்பை இன்றும் பெட்டியில் வைத்திருக்கும் தாய்மார் உள்ளனர். “இனி மறந்துவிடுங்கள், நாள்கள் சென்றுவிட்டன” என்று அவர்களுக்குப் புத்தி சொல்வோர், ஒரு விதையை நடுவதற்கே 13 ஆண்டுகள் சென்றதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே நாட்டில், விக்ரோறியா மாநிலத்தின் பலராட் என்னும் ஊரிலிருந்து போருக்குச் சென்றவர்களுக்காக 1917 முதல் 1919 வரை 22 கிலோமீற்றர் நீளத்துக்கு 3,801 மரங்கள் நடப்பட்டன. அதை முன்னின்று நடத்தியவர்கள் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள். அம்மரங்கள் இறந்தவர்களுக்காக மட்டும் நடப்பட்டவையல்ல. சென்ற ஒவ்வொருவருக்கும், உயிரோடு திரும்பியவருக்கும், ஒரு மரம். பதவி பார்த்து வரிசைப்படுத்தாமல், படையில் சேர்ந்த ஒழுங்கின்படியே நட்டனர். தளபதிக்குப் பெரிய மரம், சிப்பாய்க்குச் சிறிய மரம் என்று அங்கு இல்லை.

ஒரு நியாயமான அச்சம்

இவ்விடத்தில் வாசகர் ஒருவர், “சுவாமி, ஆயுதம் ஏந்தியவர்களை ஆலய வளாகத்தில் நினைவுகூருவது போரைப் போற்றுவதாகாதா?” என்று கேட்கக்கூடும். இது நியாயமான அச்சமே. வரலாறு அதற்குச் சான்று கூறுகின்றது. இத்தாலியில் 1922இன் இறுதியில், போரில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் என ஊர்தோறும் நினைவுப் பூங்காக்களை அமைக்கும்படி, அப்போதுதான் பதவியேற்றிருந்த பாசிச அரசு பணித்தது. பாடசாலைச் சிறுவர்கள் அம்மரங்களின் காவலர்களாக நியமிக்கப்பட்டனர். நல்ல எண்ணம்போல் தோன்றியது. ஆனால் அந்நிழலில் அச்சிறுவர்களுக்குப் புகட்டப்பட்டது, நாட்டுக்காகச் சாவதன் பெருமை. 1940இல் அந்நாடு மீண்டும் போரில் இறங்கியபோது, அவர்கள் ஆயுதம் ஏந்தும் வயதை எட்டியிருந்தனர். மரமும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கப்படலாம்.

திருச்சபை காட்டும் வழி வேறு. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது திருச்சபையை வழிநடத்திய திருத்தந்தை 15ஆம் பெனடிக்ற் இரண்டு காரியங்களைச் செய்தார். ஒன்று, விமிச் சமர் நடந்த அதே 1917ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, போரிடும் நாடுகளின் தலைவர்களுக்கு எழுதிய மடலில், அப்போரைப் பயனற்ற படுகொலை என்று கண்டித்தார். இரு தரப்பாரும் அவர்மீது சினம் கொண்டனர். மற்றொன்று, அதற்கு முன்னரே, 1915ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, இறந்த விசுவாசிகளின் நினைவு நாளன்று ஒவ்வொரு குருவும் 3 திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கலாம் என்று உலகம் முழுவதற்கும் அனுமதி வழங்கினார். எண்ணற்றோர் போர்க்களங்களில் மடிந்துகொண்டிருந்தமை அதற்கொரு காரணமாயிற்று.

ஆம், நவம்பர் 2ஆம் திகதி நம் பங்குகளில் 3 திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கப்படுகின்றனவே, அந்த வழக்கம் உலகத் திருச்சபைக்கு அந்தப் போரின் நாள்களில் வந்தது. போரைக் கண்டித்த அதே கரம்தான், போரில் இறந்தவருக்காகப் பலிபீடத்தில் இடம் ஒதுக்கியது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. போரை வெறுப்பவனே அதில் இறந்தவனுக்காக உண்மையாக அழ முடியும்.

மறைநூல் காட்டும் மரங்கள்

திருவிவிலியத்தைத் திறந்தால் மரமும் நினைவும் சேர்ந்தே நிற்பதைக் காண்கிறோம். கிணற்றின் பொருட்டு எழுந்த சச்சரவு நீங்கி, அபிமெலக்குடன் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், ஆபிரகாம் பெயேர்செபாவில் ஒரு மரத்தை நட்டு ஆண்டவரைத் தொழுதார் (தொநூ 21:32-33). அது சமாதான மரம். ரெபேக்காவின் செவிலித்தாய் தெபோரா பெத்தேல் அருகே ஒரு கருவாலி மரத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு அழுகையின் மரம் என்னும் பொருள்பட மக்கள் பெயரிட்டனர் (தொநூ 35:8).

நம் சிந்தனைக்கு மிக அண்மையில் நிற்பது சவுல் அரசரின் முடிவு. கில்போவா மலையில் பெலிஸ்தியரிடம் தோற்று மாண்ட சவுலின் உடலை, பகைவர் பெத்சான் நகர மதிலில் தொங்கவிட்டனர். இறந்த உடலை அவமதிப்பது அன்றும் இருந்தது. அதைக் கேள்வியுற்ற யாபேசு கிலயாது ஊரின் வீரர்கள் இரவு முழுவதும் நடந்து சென்று, சவுலின் உடலையும் அவருடைய புதல்வர்களின் உடல்களையும் மீட்டு வந்து, எலும்புகளை ஒரு மரத்தின் கீழ் அடக்கம் செய்து, 7 நாள்கள் நோன்பிருந்தனர் (1 சாமு 31:11-13). முன்னொரு காலத்தில் தங்கள் ஊரைக் காத்த மனிதருக்கு அவர்கள் செலுத்திய நன்றி அது. தாவீது இதை அறிந்தபோது என்ன செய்தார்? தம்மைக் கொல்லத் தேடி அலைந்த சவுலை அடக்கம் செய்தவர்களைத் தண்டித்தாரா? இல்லை. ஆள் அனுப்பி அவர்களுக்கு ஆண்டவரின் ஆசி கூறினார் (2 சாமு 2:4-6). அரசனாக உயர்த்தப்பட்ட தாவீது முதலில் செய்த செயல்களுள் ஒன்று, எதிராளியின் இறந்தோரை மதித்தவர்களை மதித்தமையே. ஆட்சியில் அமர்வோர் அனைவரும் வாசிக்க வேண்டிய பகுதி இது.

அடுத்து, மக்கபேயர் இரண்டாம் நூல் (12:38-45). போரில் வீழ்ந்த தம் வீரர்களின் உடல்களை எடுக்கச் சென்ற யூதா மக்கபே, அவர்களுடைய ஆடைகளுக்குள், திருச்சட்டம் தடை செய்திருந்த சிலைவழிபாட்டுப் பொருள்களைக் கண்டார். அவர்கள் குற்றமற்றவர்களல்லர் என்பது வெளியாயிற்று. யூதா அவர்களைத் தூக்கி எறியவில்லை. அப்பொருள்களை ஒளித்துவைத்துவிட்டு மாவீரர் என்று முழங்கவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து மன்றாடினர். ஏறத்தாழ 2,000 வெள்ளி நாணயங்கள் சேர்த்து, பாவம் போக்கும் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினர். இறந்தோருக்காக நாம் மன்றாடுவதற்கு ஆதாரமாகத் திருச்சபை காட்டும் இப்பகுதி, போரில் இறந்த படைவீரருக்கான மன்றாட்டே என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

போற்றிப் பாடுவது ஒரு வழி. மறந்துவிடுவது மற்றொரு வழி. யூதா காட்டியது மூன்றாம் வழி. அது உண்மையை மறைக்காத அன்பின் வழி, மன்றாட்டின் வழி. ஆலய வளாகத்தில் நாம் நடும் மரம் இந்த மூன்றாம் வழியின் அடையாளமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நம் மண்ணில்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி செல்லும் வீதியில் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் சேமக்காலையைக் கண்டிருப்பீர்கள். தூர தேசங்களிலிருந்து வந்து இங்கு மாண்டவர்களின் கல்லறைகள், பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவினால் புல் வெட்டி, பூச்செடி நட்டுப் பேணப்பட்டு வருகின்றன. அது நல்ல காரியம். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே விழுந்தவர்களின் துயிலும் இல்லங்கள் இடித்துச் சமனாக்கப்பட்டன. 2009இல் போர் முடிந்த பின்னர், கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றியைக் கூறும் கற்சின்னங்கள் எழுந்தன. அதே ஊர்களில் தாய்மார் தம் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். இறந்தோரை அடக்கம் செய்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட தோபித்துவின் கதை (தோபி 1:17-20) அவர்களுக்குப் பழங்கதையல்ல.

தெற்கிலும் கல்லறையில்லாத் தாய்மார் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. காணாமற்போனோர் பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குப் படையினரின் குடும்பங்களிடமிருந்தும் ஏறத்தாழ 5,000 முறைப்பாடுகள் கிடைத்தன. சிலாபத்திலோ குருநாகலிலோ மகனுக்காக மெழுகுதிரி ஏற்றும் ஒரு தாயின் கண்ணீர், வன்னித் தாயின் கண்ணீரிலிருந்து வேறுபட்டதன்று.

நம்மவருள் விரும்பிச் சென்றோர் உண்டு. பெற்றோரின் கைகளிலிருந்து பறித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. ஆயுதத்தோடு விழுந்தோர் உண்டு. கஞ்சிக்கு வரிசையில் நின்று விழுந்தோரும் உண்டு. நன்மை செய்தோர் உண்டு. பிறருக்குத் தீங்கிழைத்தோரும் உண்டு. இவை எதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. இவர்கள் அனைவரும் இறைவனின் தீர்ப்புக்கும் இரக்கத்துக்கும் உரியவர்கள். மன்றாட்டு நம் கடமை.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பங்கிலும், ஆலய வளாகத்தில், போரில் இறந்த அனைவரின் நினைவாகவும் ஒரு மரத்தை நடுவோம். அதற்கு நவம்பர் மாதமே ஏற்றது. இறந்தோரின் மாதமும், வடக்கு கிழக்கில் மாரி மழையின் மாதமும் ஒன்றாக வருவதை இறைவன் தந்த வாய்ப்பாக எடுத்துக்கொள்வோம். வேம்பு, மருது, இலுப்பை, நாவல் என இம்மண்ணுக்குரிய மரமாக இருக்கட்டும். அழகுக்காக வாங்கும் செடி வேண்டாம். அதனருகில் கட்சிக் கொடியோ, படைச் சின்னமோ, தலைவர் படமோ வேண்டாம். ஒரு சிறு சிலுவை போதும். யாருடைய நினைவாக என்று கேட்போருக்கு, திரும்பி வராத எல்லாருடைய நினைவாகவும் என்று சொல்வோம்.

நடுவது எளிது. நட்ட அன்று நிழற்படம் எடுத்துக்கொண்டு, தை மாதம் பிறந்ததும் மறந்துவிடுகிறோம். ஆடு கடித்த கன்றுகளும், பங்குனி வெயிலில் கருகிய கன்றுகளும் நம் வளாகங்களில் எத்தனை! கற்சின்னத்தைக் கட்டியவர் கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். மரத்தை நட்டவர் போக முடியாது. வேர் ஆழம் பிடிக்கும்வரை முதல் இரண்டு மூன்று கோடைகளுக்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும்; வேலி அடைக்க வேண்டும். இதனாலேயே கல்லைவிட மரம் நல்ல நினைவுச் சின்னம் என்று கருதுகிறேன். அது உயிரோடிருப்பவர்களிடம் நாள்தோறும் ஏதாவது கேட்கின்றது. தபசு காலத்தின் வெயிலில் ஒரு வாளி தண்ணீர் சுமப்பது, பிள்ளைகளுக்குச் சிலுவைப்பாதையின் ஒரு நிலையாகட்டும்.

தண்ணீர் ஊற்றும் முறையை எழுதும்போது இன்னொன்றையும் கவனிப்போம். புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளிவந்த முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுள் பலர் நம் பங்குகளிலேயே வாழ்கின்றனர். காலிழந்தவர்களும் பார்வையிழந்தவர்களும், உடலில் எறிகணைத் துண்டுகளோடு தோட்ட வேலை செய்பவர்களும், வேலை கேட்டுப் போனால் சந்தேகத்தோடு பார்க்கப்படும் பெண்களும் அவர்களுள் உண்டு. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசைத் தூணருகில் நின்றுவிட்டுப் போகும் அவர்களோடு எத்தனை பேர் பேசுகிறோம்? பலராட் மக்கள் திரும்பி வந்தவருக்கும் மரம் நட்டார்கள். நாமோ திரும்பி வந்தவரைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கிறோம். இறந்தவருக்கு மரமும், உயிரோடிருப்பவருக்குப் புறக்கணிப்பும் என்றால் அந்த மரம் நம்மைக் குற்றஞ்சாட்டி நிற்கும். கன்றை நடும் முதற்கரம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

அன்பார்ந்தவர்களே, ஒரு மரம் நீதிக்கு ஈடாகாது. காணாமற்போன பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று அறியும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு. மரத்தின் நிழலில் அமரச் செய்து அந்தக் கேள்வியை நாம் அடக்கிவிடக் கூடாது. ஆனால் பதில் வரும்வரை அவர் எங்கே மெழுகுதிரி ஏற்றுவார்? அந்த இடத்தையாவது நாம் கொடுக்கலாமல்லவா? வழிப்போக்கனாக வரும் ஒரு தெற்குத் தாயும் அதே நிழலில் அமர்ந்து, தன் மகனை நினைத்து அழட்டும். மரம் யாரிடமும் பெயரும் ஊரும் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளில், சேமக்காலையை மந்திரித்து முடிந்ததும், உங்கள் பங்குத்தந்தையை அம்மரத்தின் அருகேயும் அழைத்துச் செல்லுங்கள். அங்கும் ஒரு துளி தீர்த்தம் விழட்டும்.

இரக்கத்தின் இறைவா, நாங்கள் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பி வராத எங்கள் பிள்ளைகளை உம் கரங்களில் ஒப்படைக்கிறோம். அவர்கள் கிடக்கும் இடத்தை நாங்கள் அறியோம்; நீர் அறிவீர். அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியையும், அவர்களைத் தேடும் தாய்மாருக்கு ஆறுதலையும், எங்கள் மண்ணுக்கு உண்மையான சமாதானத்தையும் தந்தருளும். ஆமென்.